டோஸ் என்றால் மருந்து

ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் புத்தகங்கள் எல்லாம், தமிழனுக்கு அந்தச் சொற்கள் தெரியாது என்ற நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. நிலைமை அதைவிட மோசம். நிறையச் சொற்கள் நமக்குத் தெரியும். ஏ, பி, சி, டி-யைத் தாண்டியவர்களுக்கென்று அச்சிடப்படும் அட்ஜஸ்ட், டென்ஷன், டார்ச்சர் வகையறாவை எந்த டீக்கடை பெஞ்சிலும் கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், அவை இங்கே குடியேறி, ரேஷன் கார்டு வாங்கி, தொழிலையும் மாற்றிக்கொண்டுவிட்டன. மேனேஜர் டென்ஷன் ஆனார் என்றால் கத்தினார் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது மன இறுக்கம், இல்லாவிட்டால் கயிற்றின் விறைப்பு. ‘ஃபீல் பண்றான்’ என்றால் வெள்ளைக்காரர் ‘எதை?’ என்று கேட்பார். நமக்கு அந்தச் சந்தேகமே வராது, சோகத்தைத் தவிர வேறெதையும் நாம் ஃபீல் பண்ணுவதில்லை. டோஸ் அவர்களுக்கு மருந்தின் அளவு. இங்கே அது அப்பா கொடுப்பது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். மூன்று பேர் சீட்டில் நான்காமவர் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்றபடி உட்கார்ந்தே விடுகிறாரே, அந்த அர்த்தத்தை அகராதியில் தேடிப் பிடிப்பது கடினம். ஆக, ஓரளவு ஆங்கிலம் தெரிந்த மாணவர் புதுச்சொல் படிப்பதோடு, பழகிய சொல்லின் உள்ளூர் அர்த்தத்தைக் கொஞ்சம் மறக்கவும் வேண்டியிருக்கிறது.

தமிழில் ஆங்கிலத்தைக் கலந்ததால் வந்த வினை இது என்று சிலர் சொல்லக்கூடும். கலந்தது நாம் மட்டுமா? நம் கட்டுமரத்தைக் கொண்டுபோய் கேட்டமரான் ஆக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை, அங்கே போய் இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது. மிளகுத்தண்ணியின் கதி அதைவிடப் பரிதாபம். மல்லிகடானி என்ற பெயரில், பல சமயம் இறைச்சியும் சேர்ந்து, கெட்டி சூப்பாகக் கிண்ணத்தில் கிடக்கிறது. ஊர் மாறினால் சொல் குணம் மாறும். அதில் குற்றவாளி யாருமில்லை.

‘இந்த அர்த்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்தால் போதும்’ என்பவர்களுக்கு எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரைக் காட்டலாம். பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டுச் சோதித்தவர்; 1885இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்தில் காலி. சொல்லுக்கு எதிரே ஒற்றை அர்த்தம் எழுதிய நோட்டும் அந்த அசைகளுக்குத் தூரத்து உறவுதான். பட்டியலே கூடாது என்பதில்லை. வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை வெளியிட்டபோது, ஒவ்வொரு சொல்லும் எந்த அர்த்தத்தில் எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். நம் கைடுகள் விலையைத்தான் அவ்வளவு துல்லியமாகப் போடுகின்றன.

அடுத்த முறை அகராதியை எடுத்தால், தெரியாத சொல் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் டென்ஷனைப் பாருங்கள், டென்ஷன் ஆகாமல்.