நாலு கம்பி, நானூறு அபிப்பிராயம்

போன இதழில் மோகினி டேயின் தனி ஆல்பத்தைப் பற்றி ஒன்றரை வரி எழுதியிருந்தேன்: "கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்." அவ்வளவுதான். கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. கோலார் தங்கவயலில் இத்தனை பேஸ் கிதார் நிபுணர்கள் இருப்பது முன்பே தெரிந்திருந்தால், 2001-இல் சுரங்கத்தை மூடியிருக்கவே மாட்டார்கள்.

கே: யார் மாமா இந்த மோகினி? புளியமரத்து மோகினியா?
(ஓய்வு பெற்ற ஃபிட்டர், ஆண்டர்சன்பேட்டை)

ப: புளியமரத்து மோகினி நள்ளிரவில் வந்து ஆண்களைப் பயமுறுத்துவாள். இவர் பட்டப்பகலில் பேஸ் வாசிப்பவர்களைப் பயமுறுத்துகிறார். மும்பையில் 1996-இல் பிறந்தவர். அப்பாவும் பேஸ் வாசிப்பவர், ஆகவே பாலோடு சேர்த்தே ஊட்டியிருக்கிறார். ரகுமான், ஜாகிர் உசேன், ஸ்டீவ் வாய் என்று பெரிய மேடைகளைப் பார்த்துவிட்டு, 2023-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் தனி ஆல்பம் போட்டார்.

கே: கிதாருக்கும் பேஸ் கிதாருக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாக.
(கல்லூரி மாணவி, ராபர்ட்சன்பேட்டை)

ப: கிதார் நின்றுபோனால் "கிதார் எங்கே?" என்று கேட்பாய். பேஸ் நின்றுபோனால் "பாட்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாய்.

கே: ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். பேஸ் சத்தமே சரியாக வரவில்லை. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
(செல்போனில் கேட்ட ஒருவர், ஊரிகாம்)

ப: கையெழுத்திலேயே செல்போனில் கேட்டதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பேஸின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். உங்கள் போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் கட்டைவிரல் நகத்தளவு. அந்த ஆழத்தை உண்டாக்க அதற்கு உடம்பு பத்தாது. ஆனாலும் ஏதோ கேட்ட மாதிரி இருந்திருக்குமே? அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு சுரத்தோடும் ஒட்டிக்கொண்டு மேற்சுரங்கள் சில வரும். போனில் அவை மட்டும் கேட்கும். அவற்றை வைத்து, வராத அடிச்சுரத்தை மூளை தானாக இட்டுக்கட்டிக்கொள்ளும். ஆக நீங்கள் கேட்டது பாதி மோகினி டே, பாதி உங்கள் மூளை. எந்தப் பாதி சுமார் என்று நான் சொல்லப்போவதில்லை.

கே: தாளம் போடத் துணைக்கு வைத்தவர் தனியாக ஆல்பம் போடலாமா? அடுக்குமா?
(பஜனைக் குழு ஹார்மோனியக்காரர், மாரிக்குப்பம்)

ப: கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போகும் கூட்டத்தில் நீங்கள்தானே முதல் ஆள்? ஹார்மோனியத்தையும் ஒரு காலத்தில் வானொலியில் உள்ளே விடவில்லை ஐயா. கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

கே: இந்தத் தனி ஆல்பம் வியாதியை ஆரம்பித்து வைத்தது யார்?
(அதே ஹார்மோனியக்காரர், மறு தபாலில்)

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. முதல் ஆள் யார் என்று சண்டை போடலாம். தொற்ற வைத்த ஆள் ஜாகோ பாஸ்டோரியஸ் என்பதில் சண்டை இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கத்து ஆள். 1976-இல் முதல் ஆல்பம், அதுவும் தன் பெயரிலேயே. எடுத்த எடுப்பில் ஒரு பழைய ஜாஸ் உருப்படி, சாக்ஸபோன்காரர்களே மூச்சு வாங்கும் சரக்கு. அதைப் பேஸில் வாசித்தார். பக்கத்தில் கொங்கா மேளம் ஒன்றுதான், வேறு பக்கவாத்தியம் கிடையாது. வீணைக்கு மெட்டு இருப்பது போலக் கிதாருக்கு ஃபிரெட் உண்டல்லவா? அதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, பள்ளத்தை அடைத்து, படகுக்குப் பூசும் எப்பாக்சியை மேலே பூசிக்கொண்டவர். ஏறக்குறைய வீணையைக் கோட்டுவாத்தியம் ஆக்கிய கதை. முன்பின் தெரியாத ஒரு ஜாஸ் ஜாம்பவானிடம் போய், உலகத்திலேயே பெரிய பேஸ்காரன் நான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாராம். அதைவிட வயிற்றெரிச்சல், அது பொய்யில்லை. 1987-இல் 35 வயதில் போய்விட்டார்.

கே: மோகினி டேயின் ஆல்பத்தில் வேகம்தான் இருக்கிறது, ஜீவன் இல்லை. உண்மையா, இல்லையா?
(தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வருபவர், கோரமண்டல்)

ப: பாதி உண்மை. மறுக்க மாட்டேன். சில இடங்களில் விரல் ஓடுகிற ஓட்டத்தில் பாட்டு பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுகிறது. ஆனால் வேகம் தணிந்து, ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், அங்கேதான் ஆள் யார் என்று தெரிகிறது. ஓடத் தெரிந்தவர் நடந்தால் ஒரு அழகு. ஓடவே தெரியாதவர் நடந்தால் அது உங்கள் ரயில்.

கே: நடுவில் ஏதோ வாயால் தகதிமி சொல்கிறாரே, அது என்ன புது ஃபேஷன்?
(தையல்கடை, ஆண்டர்சன்பேட்டை)

ப: கொன்னக்கோல். புதுசாம்! தவில்காரர் வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் சோற்றுக்கு முன்னால் சொன்ன பாடம் அது. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. இவர் செய்தது என்னவென்றால், வாய் சொல்லும் அதே கணக்கை அதே நேரத்தில் விரலும் கம்பியில் சொல்கிறது. உங்கள் கடையில் ஊசியும் வாயும் ஒரே நேரத்தில் ஓடுகிறதே, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இவர் அளவு தப்பாது.

கே: பேஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?
(தமிழாசிரியர், சாம்பியன் ரீஃப்)

ப: கருவிக்குப் பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும். அது உலவும் கீழ் ஸ்தாயிக்கு நம் முன்னோர் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். மெலிவு, சமன், வலிவு என்ற மூன்றில் முதலாவது. மெலிவு என்று ஏன் வைத்தார்கள் என்பதற்குப் புலவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். வாசிக்கிறவருக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்பது என் துணிபு.

கே: ஒரு பொம்பளைப் பிள்ளை இப்படித் தடித்தடியான கம்பியைப் போட்டு அடிப்பது நன்றாகவா இருக்கிறது?
(பெயர் போட விரும்பாதவர்)

ப: பெயர் போடாமல் விட்டதில் உங்கள் புத்திசாலித்தனம் தெரிகிறது. அதோடு முடிந்தும் விட்டது.

கே: கட்டைவிரலால் கம்பியை 'டொப் டொப்' என்று அறைகிறார்களே, கோபமா?
(பள்ளி மாணவன், ராபர்ட்சன்பேட்டை)

ப: கோபமில்லை கண்ணா, ஆள் பற்றாக்குறை. லாரி கிரஹாம் என்பவர் அம்மாவின் சின்ன இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா பியானோ. டிரம்ஸ்காரர் இல்லாமல் போனது. என்ன செய்வது? பெரிய டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் கம்பியை அறைந்தார், சின்ன டிரம்முக்குப் பதில் இன்னொரு விரலால் சுண்டினார். வீட்டுக் கஷ்டத்தில் பிறந்த வித்தை. இன்று அதற்குக் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள்.

கே: எங்கள் இளையராஜா பாட்டில் இல்லாத பேஸா? சும்மா பம்பாய்க்காரர்களைத் தூக்கி வைக்காதீர்கள்!
(ராஜா ரசிகர் மன்றம், மூன்று கையெழுத்து)

ப: கையெழுத்தை வாபஸ் வாங்குங்கள், நான் உங்கள் கட்சி. 'மூடுபனி' படத்தில் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை எடுத்து, குரலை மறந்துவிட்டுக் கீழே மட்டும் கேளுங்கள். அங்கே இன்னொரு ஆள் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போவார். பாடகரோடு சண்டையும் கிடையாது, ஒட்டி உரசலும் கிடையாது. சம்பந்தி மாதிரி மரியாதையான தூரம். ராஜா பேஸுக்கும் தனியாக எழுதிக் கொடுப்பார். பல வருஷம் அதை வாசித்தவர் சசிதரன். ரகுமானிடம் கீத் பீட்டர்ஸ். இந்தப் பெயர்களை உங்கள் மன்றத்து பேனரில் நான் பார்த்ததே இல்லையே, ஏன்?

கே: பேஸ் வாசித்தவர் யாராவது பாடிப் பிரபலமானது உண்டா?
(ஆட்டோ ஓட்டுநர், பெமல் நகர்)

ப: உங்கள் ஆட்டோவிலேயே பாடியிருப்பாரே! 2011-இல் 'கோ' படத்தில் 'என்னமோ ஏதோ' பாடிய ஆலாப் ராஜு அடிப்படையில் பேஸ்காரர். கீழே இருந்து மேலே வந்தவர் என்றால் இதுதான்.

கே: மெலடி என்று ஒன்று இருக்கிறதே, அது இந்த ஆல்பத்தில் எங்கே?
(மெல்லிசைப் பிரியை, பங்காரப்பேட்டை)

ப: இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. ஆல்பம் பெரும்பாலும் வாத்திய இசை. வரியைப் பிடித்துக்கொண்டு ஏறும் பழக்கம் நமக்கு. கைப்பிடி இல்லாத படிக்கட்டில் முதல் தடவை தடுமாறத்தான் செய்யும். இரண்டாம் தடவை கேளுங்கள். மூன்றாம் தடவையும் பிடிக்கவில்லையா? உங்கள் கட்சியும் கட்சிதான், வற்புறுத்த மாட்டேன்.

கே: வாத்தியம் எதையுமே வாசிக்கத் தெரியாத நீர் எப்படி ஐயா விமரிசனம் எழுதலாம்?
(கோபமான வாசகர், ஊரிகாம்)

ப: லியோ ஃபெண்டருக்கும் கிதார் வாசிக்கத் தெரியாது. 1951-இல் அவர் விற்பனைக்கு விட்ட பேஸ் கிதாரைத்தான் உலகம் இன்றைக்கும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் கருவியே செய்தார். நான் பத்திதான் எழுதுகிறேன், சேதாரம் குறைவு.

கே: தமிழில் எழுதுகிறீர், இருப்பது கர்நாடகம், பேசுவது வங்காளிப் பெயர்க்காரரைப் பற்றி. நம் ஊருக்கு என்ன சம்பந்தம்?
(மண்ணின் மைந்தர், முகவரி இல்லை)

ப: மண் மைசூரு. கம்பெனி லண்டன் ஜான் டெய்லர். மின்சாரம் 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து வந்த காவிரி. வேர்வை வட ஆற்காடு. தங்கம் மட்டும் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. எங்களிடம் வந்து ஊர் கேட்கிறீர்களே!

கே: கே.ஜி.எஃப். படத்தில் இல்லாத பேஸா மாமா? தியேட்டரே அதிர்ந்ததே!
(யஷ் ரசிகன், ராபர்ட்சன்பேட்டை)

ப: அதிர்ந்தது உண்மை. ரவி பஸ்ரூர் நாற்காலியை ஆட்டினார். நல்ல பேஸ்காரர் தலையை ஆட்டுவார். இரண்டுக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். போகட்டும், நம் சயனைடு மேட்டில் செட் போட்டு எடுத்த படமாயிற்றே, இந்த லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்த தமிழனை அதில் எங்கேயாவது பார்த்தாயா? பார்த்திருந்தால் ஒரு கார்டு போடு.

கே: பேஸ் என்பதைக் காதால் கேட்பதா, உடம்பால் கேட்பதா? நண்பர்களுக்குள் பந்தயம்.
(நான்கு பேர், சாம்பியன் ரீஃப்)

ப: சாம்பியன் ரீஃபில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களா? உங்கள் காலுக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் குடைந்த சுரங்கம். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். ஆழத்தில் பாறை வெடித்தால், 'ஏர் பிளாஸ்ட்' என்பார்களே அது, முதலில் அலமாரியில் தட்டு நடுங்கும், அப்புறம் அடிவயிறு, காதுக்கு வந்து சேர்வது கடைசியில். உடனே தெருவே வாசலுக்கு வந்து, யார் யார் எந்த ஷிஃப்டில் இறங்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடும். பேஸும் அதே வழியாகத்தான் ஏறி வருகிறது. என்ன, இது முடிந்ததும் யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 1965-இல் இதே சாம்பியன் ரீஃபில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, வானவெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள், டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும். மேலே இருந்து வருவதைப் பிடிக்க ஏன் கீழே போனார்கள்? தரையில் மற்றக் கதிர்களின் இரைச்சல் தாங்காது. பாறை வடிகட்டிக் கொடுத்தது. கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து நியூட்ரினோ தேட முடியாது, மோகினி டேயும் அங்கே சரிப்படாது. பந்தயக் காசில் பாதி எனக்கு.

கே: மகன் பேஸ் கிதார் கேட்கிறான். வாங்கித் தரலாமா?
(கவலையுள்ள தந்தை, கோரமண்டல்)

ப: தரலாம். கிதார் வாசிக்கிறவன் தெருவுக்கு ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரே பேஸ்காரனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பேரம் பேசும் பலம் உங்கள் வீட்டில். பெண் கொடுக்க வருகிறவர்கள் மட்டும் "தம்பிக்கு மீதி ரெண்டு கம்பி எங்கே?" என்று கேட்பார்கள், தயாராக இருங்கள்.

கே: கடைசியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சமாதானம் ஆனாரா இல்லையா?
(ஏழெட்டுப் பேர், பல ஊர்)

ப: மூன்றாம் நாள் மறுபடியும் தட்டினார். சண்டைக்குத் தயாராகக் கதவைத் திறந்தேன். "நேற்று ஏன் போடவில்லை?" என்றார். முப்பது வருஷம் பூமிக்கடியில் டிரில் மெஷின் பிடித்தவர். சுவர் அதிர்ந்தால்தான் தூக்கம் வருகிறதாம்.