பூனை மீசையும் புதுத் தாளும்: ஓர் ஆராய்ச்சி

வண்ணப் பென்சிலால் வளர்ப்புப் பிராணிகளின் உருவப்படம் வரைவோர், ஒரு தாளில் தொடங்கிய படத்தை முடிக்குமுன்பே வேறொரு வகைத் தாளைத் தேடி வாங்கும் வழக்கத்துக்கு, கலைத்தாகம், ஆராயும் ஆர்வம், கையில் மிஞ்சிய காசு எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. இவை யாவும் மேம்போக்கானவை. அவ்வழக்கத்தின் மூலகாரணம் பூனையின் மீசையே என்பதும், புதுத் தாள் வாங்குதல் என்பது மீசை வரைவதை ஒத்திவைக்கும் கௌரவமான வழி என்பதும் இங்கு நிறுவப்படும்.

பூனையின் மேலுதட்டில் பக்கத்துக்குச் சுமார் 12 மீசை முடிகள் நான்கு வரிசையாக அமைந்துள்ளன. அவை பெரும்பாலும் வெண்ணிறத்தன. உடல் மயிரைவிடத் தடித்தவை. கறுத்த கன்னத்தின் குறுக்கே நீள்வதையே தொழிலாகக் கொண்டவை. வண்ணப் பென்சிலின் உள்ளீடோ, நிறமியை மெழுகிலோ எண்ணெயிலோ குழைத்துச் செய்யப்படுவது. 1938இல் வெளிவந்த பிரிஸ்மாகலர் மெழுகுக் கட்சி. 1908 முதல் விற்பனையில் உள்ள ஃபேபர்-காஸ்டலின் பாலிக்ரோமோஸ் எண்ணெய்க் கட்சி. கட்சி எதுவாயினும் இப்பென்சில்கள் இடும் நிறம் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் தன்மையது ஆதலால், கறுப்பின்மேல் வெள்ளைப் பென்சிலை எத்தனை முறை அழுத்தித் தீட்டினும் மீசைக்குப் பதில் சாம்பல் பூத்த கோடொன்றே கிடைக்கும். எண்ணெய் வண்ண ஓவியர் கடைசியில் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விடலாம். பென்சில்காரரோ பூனைக்கு மூக்கு முளைக்குமுன்பே மீசை எங்கே வளையும் என்று முடிவு கட்டியாக வேண்டும்.

இதற்கெனப் பரிந்துரைக்கப்படும் தொல்முறை குழிகோடு எனத் தகும். ‘ஹாட் பிரெஸ்’ எனப்படும், உற்பத்தியின்போதே அழுத்தி வழுவழுப்பாக்கப்பட்ட கனத்த பருத்தித் தாளில், மழுங்கிய ஊசிமுனையால் மீசைகளை முதலிலேயே பள்ளமாக அழுத்திவிட வேண்டும். பின்னர் மேலே தீட்டும் பென்சில் பள்ளத்தில் இறங்காமல் தாண்டிச் செல்வதால் தாளின் வெண்மையே மீசையாக எஞ்சும். முறை அழகானதுதான். ஆயினும் இட்ட பள்ளத்தைத் தூர்க்கும் ரப்பரை இதுவரை எவரும் செய்திலர். கை சற்றே நடுங்கினால் மீசை கண்மணியின் நடுவே பாய்ந்து, படம் உள்ளளவும் அங்கேயே நிற்கும். ஃபிரான்சின் வோஜ் பகுதியில் 1492 முதல் இயங்கும் ஆர்ஷ் ஆலையின் தாள் விலையை அறிந்தவர்க்கு அந்நடுக்கம் இயல்பாகவே வரும்.

இவ்வச்சமே வரைபவரை அடுத்த தாளுக்குத் துரத்துகிறது. உப்புத்தாள் போன்ற சொரசொரப்புள்ள யூஆர்ட் தாள், எண் கூடக் கூட நயமாகும் பல தரங்களில் கிடைக்கிறது. அது வெள்ளையை மேலே தாங்கும், ஆனால் பென்சிலைத் தின்று தீர்க்கும். டிராஃப்டிங் ஃபிலிம் என்பது இருபுறமும் மங்கலாக்கப்பட்ட பாலியெஸ்டர் தகடு. அதில் பிளேடு நுனியால் நிறத்தைச் சுரண்டி மீசை எடுக்கலாம், எனினும் சில அடுக்குகளுக்கு மேல் அது நிறம் ஏற்காது. 360 ஜிஎஸ்எம் கனமுள்ள பேஸ்டல்மேட்டில் கருமையின்மேலும் வெளிர்நிறம் நிற்குமாதலால் வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பென்சில் முனை விரைவில் தேய்ந்து, கன்னத்தில் ஊசியாகத் தொடங்கிய மீசை ஓரத்தை எட்டுகையில் துடைப்பக் குச்சியாகிவிடுகிறது. டைட்டானியம் டையாக்சைடுப் பொடியைத் திரவத்தில் குழைத்துத் தூரிகையால் மீசை வைப்போரும் உளர். தூரிகை தொட்டபின் அது பென்சில் ஓவியமாகுமா என்று ஆசாரவாதிகள் எழுப்பும் தடையில் பாதி கொள்கை, மீதி வயிற்றெரிச்சல்.

இனி முதன்மைச் சான்று. புதுத் தாள் வந்ததும் அதன் ஓரத்தைக் கிழித்துச் சோதனை செய்வது மரபு. அத்தகைய துண்டுகளை ஆராயின் ஒற்றைக் கண், ஈரமான மூக்கு, காதின் உட்புற ரோமம், நிறக் கட்டங்களின் வரிசை ஆகியன காணப்படுமேயன்றி மீசை காணப்படுவதில்லை. மீசைக்காக வாங்கிய தாளில் மீசை தவிர மற்றனைத்தும் சோதிக்கப்படுவதும், தாள் தேறிற்று என்று அறிவிக்கப்படுவதும், மறுநாளே வேறு தாளின் விலை விசாரிக்கப்படுவதும் ஒத்திவைப்புக் கொள்கையன்றி வேறெதனாலும் விளங்கா.

பூனையைத் துறந்து நாய்க்கு மாறினால் போதாதா என்பர் சிலர். நாயின் மீசை குட்டையானது, பலவற்றில் கறுத்தது, எனவே கடைசியிலும் போட்டுக்கொள்ளலாம் என்பது மெய்யே. ஆனால் அவ்வாறு மாறியவருக்கு முதலில் வாய்ப்பது கறுப்பு லேப்ரடாராகவே இருக்கும், அதன் கருமையோ கறுப்புப் பென்சிலால் வராமல் கருநீலம், ஊதா, கரும்பழுப்பு என அடுக்கடுக்காகத் தீட்டினாலன்றி உயிர் பெறாது, அத்தனை அடுக்கைத் தாங்கும் தாளோ வீட்டில் இராது. எஞ்சும் புகலிடம், 1966இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்த மயிரற்ற குட்டியொன்றோடு தொடங்கிய ஸ்ஃபிங்க்ஸ் பூனை. அதற்கு மீசை குறுகியோ முறிந்தோ அறவே இல்லாமலோ இருக்கும். அதன் தோல் மடிப்புகளுக்கு, இதுவரை வாங்கிய எல்லாவற்றினும் வழுவழுப்பான தாளொன்று தேவைப்படும்.