செஞ்சியில் ஸ்மார்ட் கோட்டை கட்டுவது எப்படி?

தேவையான பொருள்கள்: பிளஸ் டூ முடித்த பிள்ளை விட்டுப்போன பழைய அரசு லேப்டாப் ஒன்று. இன்வெர்ட்டர் ஒன்று. வைஃபை ரௌட்டர் ஒன்று. ஸ்மார்ட் பல்புகள், பர்ஸ் தாங்கும் வரை. எதையும் தொடாமல் தள்ளி நிற்கத் தெரிந்த குடும்பத்தார், கிடைத்தால்.

1. படைத்தளம் அமைத்தல்

பரணிலிருந்து லேப்டாப்பை இறக்குங்கள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால், எடை குறைந்த புது லினக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் கிழட்டு மெஷினும் எழுந்து ஓடும். "எவ்வளவு ஆச்சு?" என்று வீட்டில் கேட்டால், "இது ஃப்ரீ லேப்டாப்தானே" என்று சொல்லவும். எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி பில்களைச் சென்னை ரிச்சி தெருவிலேயே கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறவும்.

2. விளக்கேற்றுதல்

ஸ்மார்ட் பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசும். ரௌட்டரில் அதை அணைத்துவிட்டு, பல்பைத் திட்டிப் பயனில்லை. இணைத்த பிறகு சுவரிலுள்ள ஸ்விட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். இதை அம்மாவிடம் விளக்குங்கள். அவர் தலையாட்டுவார். பிறகு வழக்கம்போல் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பார். ஐந்து ரூபாய் ஸ்விட்ச் செய்த வேலையை இனி செல்போன், ரௌட்டர், எங்கோ இருக்கும் சர்வர் மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டும். இதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.

கரண்ட் போய் நடுராத்திரியில் திரும்பினால் பல பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியும். செயலியில், கரண்ட் வந்ததும் பழைய நிலைக்கே திரும்பும்படி மாற்ற ஒரு அமைப்பு இருக்கும். வீட்டார் அனைவரும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்த பிறகே அது உங்கள் கண்ணில் படும்.

3. முற்றுகைக்குத் தயாராதல்

12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ரௌட்டர் இழுப்பது பத்து வாட் சொச்சம். கேம் ஆடும் கம்ப்யூட்டர் 300 வாட்டைச் சாதாரணமாக விழுங்கும். ஆகவே கரண்ட் இல்லாதபோது மின்விசிறியா கேமா என்று குடும்ப வாக்கெடுப்பு வரும். தோற்கத் தயாராக இருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் கரண்ட் மாறும் நொடியில் கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்காது.

4. போர்ப் பயிற்சி

ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலைக்கோட்டை தெரியும் ஊரில், ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரையில் கோட்டை பிடிக்க வேண்டும். பப்ஜி மொபைல் கேம் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையானது. 2021-இல் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது. நம் ஊர்ப் படை இடையில் கலையவே இல்லை. சித்திரை வெயிலில் செஞ்சியின் மூன்று பாறை மலைகளும் கொதிக்கும்போது, கேபினெட் ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டுங்கள். பிராசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது தோற்றால் "லேக்" என்று சொல்லலாம். யாரும் நிரூபிக்க முடியாது.

5. மன்னரைத் தப்புவித்தல்

செஞ்சிக் கோட்டைக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை இருப்பதால், மூன்று ஹார்டு டிஸ்கில் போட்டோக்களைச் சேமித்து ஒரே பீரோவில் வைப்பது நம்மவர் வழக்கம். மூன்று மலையையும் ஒரே மதில்தான் சுற்றியிருந்தது. 1698-இல் மொகலாயப் படை நுழைந்தபோது எல்லாம் ஒன்றாகவே போயின. ஆனால் அதற்குச் சற்று முன்பே உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் வேலூர்ப் பக்கம் தப்பியிருந்தார். கோட்டை போனாலும் மராட்டிய அரசு பிழைத்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒரு பிரதி வேறு இடத்தில் என்பது கணினிக்காரர்கள் சொல்லும் விதி. வேலூரில் அத்தை இருந்தால் மிகவும் நல்லது.

6. கதவு

ரௌட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். விருந்தாளிக்குத் தனி வைஃபை கொடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மதில் இப்போது முழுமை.

இனி மதிலுக்கு உள்ளே இருப்பவர்களைக் கவனியுங்கள். சுமார் எட்டு ஆண்டு மொகலாயர்களை வெளியே நிற்கவைத்த இதே செஞ்சி, 1677-இல் சிவாஜியிடம் போனது பேரத்தால். பீஜப்பூரின் கோட்டைத் தலைவர் நாசிர் முகமதுக்குப் பணமும் ஜாகீரும் தருவதாகப் பேச்சு. அவருக்காவது ஏதோ கிடைப்பதாக இருந்தது. அப்பாவோ, "கேஒய்சி முடிஞ்சிடுச்சு சார்" என்று ஒரு குரல் கேட்டதும் ஆறு இலக்க ஓடிபியை இனாமாகவே வாசித்துக் காட்டுவார், அதுவும் ஒருமுறைக்கு இருமுறை, நிறுத்தி நிதானமாக.

ஆகவே கடைசிப் படி: அடுத்த ஸ்மார்ட் பல்பு வாங்கும் முன் அப்பாவோடு பத்து நிமிடம் உட்காருங்கள். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற எண் 1930 என்பதை அவர் போனில் பதிந்து கொடுங்கள். அவர் கேட்கும் வாட்ஸ்அப் சந்தேகங்களுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். கைடில் இருப்பதிலேயே கஷ்டமான படி இதுதான். இதற்கு எந்தக் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்காது.