ஹீட்டர் ஆஃப் பண்ணியாச்சா?

மயிலாப்பூரில் ஹீட்டர் கெட்டால் மார்கழியில்தான் கெடும். வெயில் காலத்தில் கெட்டிருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? மே மாதம் மொட்டை மாடி டேங்கே இலவசமாக வெந்நீர் தருகிறது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தபோது ஊரே பச்சைத் தண்ணீருக்குத் தவம் கிடந்தது.

நம்மவர் வீட்டு ஹீட்டர் போன வாரம் மக்கர் செய்தது. திரையில் 31 டிகிரி. குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும் சூடு. வந்த மெக்கானிக் அண்ணாந்து பார்த்ததோடு சரி, தொடவே இல்லை.

"உப்புத் தண்ணி சார். சென்சார் அவுட். போர்டோட மாத்திடலாம்."

போர்டு எதற்கு? சென்சார் என்பது ஒரு குட்டி தெர்மிஸ்டர். பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். சூடு ஏற ஏறத் தடை குறையும். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மல்ட்டிமீட்டரில் அதைச் சோதிக்கும் முறையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

சென்னை வீடுகளில் அசல் சென்சார் சமையலறையில் இருக்கிறது. "ஹீட்டர் ஆஃப் பண்ணியாச்சா?" 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற 2 கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் 18 நிமிஷம் வேண்டும். குரல் பத்தாவது நிமிஷமே வந்துவிடும். குளித்து முடித்தால் மறுபடி வரும். கதவைப் பூட்டிய பிறகு வரும். லிஃப்ட்டில் வரும். லஸ் முனையில் ஆட்டோவை நிறுத்தி வரும். மியூசிக் அகாடமியில் தனி ஆவர்த்தனம் உச்சத்தில் இருக்கும்போது காதோரம் வரும். எதிர் ஃபிளாட் மாமியிடம் சாவி இருப்பதே இதற்காகத்தான். மாமி பார்த்துவிட்டு "அணைஞ்சிருக்கு" என்றால், "லைட்டா, ஸ்விட்ச்சா?" என்று குறுக்கு விசாரணை. அமெரிக்காவில் மகள் வீட்டுக் கராஜில் ஹீட்டர் இரவு பகலாக ஓடுவதைப் பார்த்து அம்மணிக்கு இரண்டு வாரம் தூக்கமில்லை.

இப்படிக் காவல் காத்தால் தெர்மோஸ்டாட்டுக்கு ஏது வேலை? வாங்கிய நாளிலிருந்து அது தானாக ஒருமுறைகூட அணைத்ததில்லை. அணைக்க விட்டதும் இல்லை. சென்சார் எந்த வருஷம் செத்தது என்பதை அந்த ஆண்டவனே அறிவான். போன வாரம் அம்மணி கும்பகோணம் ரயிலில் இருந்தார். செங்கல்பட்டு தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. குட்டு வெளிப்பட்டது அப்போதுதான்.

மல்ட்டிமீட்டர் விஷயத்துக்கு இனி இடமில்லை. போர்டையும் மாற்றியாகிவிட்டது, பில்லைப் பார்த்த சூட்டுக்கு எந்தச் சென்சாரும் தாங்காது. இப்போது 60-ஐத் தொட்டதும் 'டிக்' என்று தானாக நிற்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே மெக்கானிக் சொன்னார்:

"குளிச்சதும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க சார்."

"அப்புறம் சென்சார் எதுக்குப்பா?"

"அது சேஃப்டிக்கு சார்."