வளவுக்கோழிப் பெருக்கக் கோட்பாடு: கலகெதரவை முன்வைத்து

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் போகும் வீதியில் இருக்கிறது கலகெதர. சிங்களத்தில் 'கல' என்றால் கல், 'கெதர' என்றால் வீடு. ஊரின் பெயரிலேயே இவ்வளவு தெளிவான கட்டுமான ஆலோசனை இருந்தும் இவ்வாய்வாளர் தம் கோழிக்கூட்டைக் கம்பிவலையில் கட்டினார். அதன் விளைவைக் கீரி வரும் இடத்தில் காண்க.

ஆய்வின் பின்புலம் பொருளாதாரம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. சோள விளைச்சல் விழுந்தது. தீவன விலை ஏறியது. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசு உச்ச விலை விதித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது, அதுவும் பேக்கரிகளுக்கு. கடல் கடந்து வரும் முட்டையை நம்புவதைவிட வளவில் மூன்று பேட்டுக்கோழி நிற்பது மேல் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. மூன்றுதான். இந்த எண்ணை வாசகர் மனத்தில் வைத்திருக்கவும், ஆய்வாளரால் முடியவில்லை.

கோட்பாடு இது: வளவுக்கோழி முட்டையால் பெருகுவதில்லை, காரணத்தால் பெருகுகிறது. ஒவ்வொரு கோழியும் முந்திய கோழி உண்டாக்கிய சிக்கலுக்குப் பரிகாரமாகவே வாங்கப்படுகிறது.

சான்றுக்கு வருவோம். பேடு என்று விற்கப்பட்ட மூன்றில் ஒன்று இரண்டாம் மாதம் விடியற்காலை நாலரைக்குத் தன் பாலினத்தை ஊருக்கே அறிவித்தது. பக்கத்து வளவு நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சேர், ரெண்டு பேட்டுக்கு ஒரு சாவல் கூடாது. முதுகுல இறகு மிஞ்சாது." அறிவியலும் நானாவின் பக்கமே, ஒரு சேவலுக்கு ஏறத்தாழப் பத்துப் பேடு என்பது பண்ணைக் கணக்கு. சேவலை விற்கலாம் என்ற மாற்றுக் கருத்து பரிசீலிக்கப்படவில்லை. ஐந்து பேடு வாங்கப்பட்டது.

இங்கே நோர்வே நாட்டவரான ஷெல்டெரூப்-எப்பெயைக் குறிப்பிடாமல் நகர முடியாது. சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்து வந்த அவர், 1920களின் தொடக்கத்தில் கொத்து வரிசையை உலகுக்கு எழுதிக் காட்டினார்: முதற்கோழி எல்லாரையும் கொத்தும், கடைக்கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும். கலகெதரவிலும் இது அப்படியே மெய்ப்பட்டது. பழைய இரண்டும் புதிய ஐந்தையும் தீவனத் தட்டை அண்டவிடவில்லை. எங்கள் வளவின் முழு வரிசையில் முதலிடம் என் மாமியாருக்கு. ஆய்வாளரின் இடம் ஐந்து பேடுகளுக்குச் சற்றுக் கீழே.

ஆகவே புதியவற்றுக்குத் தனிக்கூடு. முதல் வாரமே ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. நான்குக்கு அந்தக் கூடு பெரிதாகத் தெரிந்தது. வெற்றிடத்தை இயற்கையும் விரும்பாது, ஆய்வாளரும் விரும்பார். பண்ணை ஒன்று கழித்துவிட்ட சிவப்பு முட்டைக்கோழி ஆறு வந்தது. அவை இடவில்லை. ஓய்வூதியர்களைப் போல வெயில் காய்ந்தன.

பிறகு ஒரு பேடு அடைக்குக் கிடந்தது. ஏப்ரல் மாதம், கண்டிப் பக்கம் பின்னேரமானால் இடி. கூடையில் பதினொரு முட்டையை (ஒற்றைப்படையே ஆகும்) அடுக்கிய மாமியார், கரித்துண்டும் இரும்பாணியும் கேட்டார்.

"இடி சத்தத்துக்கு முட்டை கூழாயிரும் மாப்புள, ஆணி கொண்டாங்க."

இரும்பாணிக்கும் கருவுக்கும் என்ன தொடர்பு என்று ஆய்வாளர் வினவினார். பதில் வராததால் ஆணி கொண்டுவந்தார். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு. ஆணியில்லாத ஒப்பீட்டுக் கூடை வைக்க மாமியார் அனுமதி மறுத்ததால் முடிவை ஐயமற நிறுவ இயலவில்லை; ஆனால் ஆணி இன்னும் பத்திரமாக இருக்கிறது.

குஞ்சுகளுக்கு ராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்து போடப்பட்டது. உத்தரகாண்டின் மலைநகர் ஒன்று தன் பெயரை ஒரு கோழிநோய்க்குத் தந்ததும், நம் தேசியப் பறவையான காட்டுக்கோழியின் அறிவியற் பெயர் இலங்கையை ஒருநாளும் கண்டிராத பிரெஞ்சுத் தளபதி லஃபயெத்துக்குப் போனதும், கோழி விடயத்தில் பெயரிடுவோர் எவரும் நேரில் விசாரிப்பதில்லை என்பதைக் காட்டுகின்றன. பேடு என்று விற்றவரையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்.

செலவினம் பற்றிச் சுருக்கமாக: கூடு, வலை, தீவனம் எல்லாம் கூட்டி வகுத்தால் எங்கள் முதல் முட்டையின் அடக்கவிலை 31,000 ரூபா. சிவப்பு முட்டை என்பதால் 2022இல் அரசு விதித்த உச்ச விலையை இது மீறியது. விற்க முயலவில்லை.

இன்றைய இருப்பு இருபத்திரண்டு. குஞ்சு ஒன்பதில் ஆறு சேவலாகத் தேறின, பழையதோடு ஏழு. கோட்பாட்டின்படி இவற்றுக்கு எழுபது பேடு தேவை. இக்கணக்கை மனைவியிடம் இன்னும் சமர்ப்பிக்கவில்லை.

கலகெதரப் பக்கம் சேவல் வேண்டுவோர் எவரும் வரலாம். விலை இல்லை. ஒருவருக்கு இரண்டு. கூடை கொண்டுவரத் தேவையில்லை, கூடையும் தருகிறேன்.