ரோமாயணம்: நாய் பூனை வாழும் இல்லத்தின் தூய்மை குறித்த ஓர் ஆய்வு

தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைப்பெயர் குருளை என்கிறார். வெருகுப் பூனைக்கும் கீரிக்கும் எலிக்கும் அணிலுக்கும் குட்டி என்ற பெயரை ஒதுக்கித் தருகிறார். ஆனால் அந்தக் குருளை வளர்ந்து நடுக்கூடத்தில் படுத்து எழுந்துபோன பிறகு, அது படுத்திருந்த இடத்தில் எஞ்சிக் கிடப்பதை என்ன செய்வது என்று அவர் வாய் திறக்கவில்லை. உரையாசிரியர்களும் கைவிட்டுவிட்டார்கள். வலிந்து பொருள்கொள்வதில் பெயர்பெற்ற நச்சினார்க்கினியர்கூட ஒருமுறையேனும் குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்ததற்குச் சான்றில்லை. இந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வுக்களம், மதுரையில் முதல் மாடியில் உள்ள ஒரு வீடு. ஆய்வுப் பொருள், ஒரு லேப்ரடாரும் ஒரு நாட்டுப் பூனையும். ஆய்வுக் கருவி துடைப்பம். நிதி நல்கை கேட்டு எந்த நிறுவனத்துக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் விண்ணப்பத்தோடு நாலு முடியும் போயிருக்கும். நிறுவ முயலும் கருதுகோள் இது: வீட்டில் கிடக்கும் ரோமத்தால் வரும் கேடு சிறிது, அதைக் கண்டு நமக்கு வரும் பதற்றத்தால் விளையும் கேடு பெரிது. எதிர்த்தரப்பாக அப்பத்தா அமைந்தார். “ஏய்யா, நாயை நடுவீட்டுல விட்டா வீடு வெளங்குமா?” என்பது அவருடைய கோட்பாடு. அதற்கு மறுப்பாக இதுவரை யாரும் எதுவும் வெளியிட்டதில்லை.

முன்னோர் நூல் செய்யாமல் போனதால், ஆய்வாளரே நூற்பாவும் யாத்து உரையும் எழுத வேண்டியதாயிற்று.

உதிர்தல் விலங்கின் இயல்பே, உதிர்ந்தது
பெருக்கப் பெயரும், அழிதல் இன்றே.

என்பது என் நுதலிற்றோ எனின், ரோமத்தின் நிலைபேறு உணர்த்துதல் நுதலிற்று. ஒவ்வொரு மயிருக்கும் வளரும் காலம், ஓயும் காலம், உதிரும் காலம் என மூன்று உண்டு. குளிர்நாட்டு நாய்க்கு இந்தக் கணக்கைப் பகலின் நீளம் சொல்லிக்கொடுக்கிறது. பகல் நீளத் தொடங்கினால் குளிர்காலப் போர்வையைக் கழற்றும்; குறையத் தொடங்கினால் புதியது நெய்யும். மதுரையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு வீட்டில் இரவு பதினொரு மணிவரை டியூப்லைட் எரிகிறது. எது இளவேனில், எது கூதிர் என்று நாயின் உடம்புக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே அங்கத்து நாய் பருவத்துக்கு உதிர்க்க, இங்கத்து நாய் பொழுதுக்கு உதிர்க்கிறது.

லேப்ரடாரின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கு இன்னும் தெளியும். அதன் மூதாதையர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களுக்குத் துணையாகப் பனிநீரில் நீந்தி வலை இழுத்தவர்கள். அதற்காக அமைந்தது இரட்டை மயிர்ப்போர்வை: உள்ளே மென்மையான அடர்மயிர், மேலே நீர் ஒட்டாத முரட்டு மயிர். அந்தப் போர்வையோடு அக்கினி நட்சத்திரத்தில் மதுரையில் படுத்திருக்கும் ஓர் உயிர் உதிர்க்காமல் வேறென்ன செய்யும்? குற்றம் நாயினுடையதா, அதை இங்கே வாங்கி வந்தவருடையதா என்பதை நடுவர்கள் முடிவு செய்யட்டும்.

இனி, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் மண்ணின் நாய்கள் குட்டைமயிர் உடையவை. ஆதலின் அவற்றை வளர்ப்பார்க்கு இத்துன்பம் இல்லை என்பார் ஒரு சாரார். அற்றன்று. உதிரும் அளவு குறையலாம். உதிர்ந்ததை எடுக்கும் பாடு குறைவதில்லை. நீளமயிர் துணியின்மேல் படர்ந்து கிடந்து கையோடு வரும். குட்டைமயிர் இழைகளுக்கு நடுவே நுழைந்து நட்டுக்கொள்ளும். சலவைக்குப் போய்வந்த பிறகும் நட்டபடியே நிற்கும். ராஜபாளையத்துக்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அந்த நாய் உதிர்க்காமல் நிற்கும் ஒரே இடம் அந்த அஞ்சல்தலைதான்.

துடைப்பம் முன்னே, துணிமாப்புப் பின்னே;
ஃபேன்சுழல் வீட்டில் இரண்டும்
வீணே என்மனார் பெருக்கறிந் தோரே.

பெருக்கறிந்தோர் என்றது வீட்டு வேலைக்கு வரும் அக்காவை. இந்தத் துறையில் ஆய்வாளருக்கு வழிகாட்டி என்று சொல்லத்தக்கவர் அவர் ஒருவரே. துடைப்பம் இருவகைத்து. தென்னை ஈர்க்குச் சீமாறு வாசலுக்கும் மொட்டைமாடிக்கும் ஆனது. ரோமம் அதன் ஈர்க்குகளுக்கு இடையே சுங்கம் கட்டாமல் கடந்துபோகும். வீட்டுக்குள் ஆள்வது பூந்துடைப்பம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. புதிதாக வாங்கிய பூந்துடைப்பம் முதல் சில வாரங்களுக்குத் தானே பூ உதிர்க்கும். அந்நாட்களில் முறத்தில் சேர்வது நாயுடையதா, துடைப்பத்துடையதா என்று பிரித்தறிய இன்னும் வழி காணப்படவில்லை. அப்பத்தா இரண்டையும் நாய்க்கணக்கிலேயே எழுதிவருகிறார். புதுத் துடைப்பத்தை வாசலில் வைத்துத் தட்டி, பழைய சீப்பால் சீவி, அதன் பிறகு உள்ளே அழைப்பதே முறை என்பது அக்காவின் பாடம்.

ஃபேன் பற்றிய சிக்கல் இதனினும் பெரிது. சித்திரை மாதத்து மதுரையில் ஃபேனை நிறுத்தினால் மனிதர் தாங்கார். நிறுத்தாவிட்டால் பெருக்கல் தாங்காது. பெருக்கித் திரட்டிய ரோமம் ஃபேன் காற்றில் எழுந்து, கூடத்தை வலம்வந்து, பீரோவின் தலையில் இறங்கித் தங்கும். கள்ளழகர் ஆண்டுக்கு ஒருமுறைதான் மலையிறங்குகிறார். ரோமம் பீரோவிலிருந்து நாள்தோறும் இறங்குகிறது. “ஃபேனை அமத்துங்க தம்பி, இல்லன்னா நான் போயிட்டு நாளைக்கு வாரேன்” என்று அக்கா தீர்ப்புச் சொன்னபின் மேல்முறையீடு கிடையாது.

மாப்பு ஏன் பின்னே வரவேண்டும் என்றால், பெருக்காத தரையில் ஈர மாப்பைப் போட்டவுடன் ரோமம் நனைந்து கயிறாகத் திரிந்து தரையோடு ஒட்டும். காய்ந்தபின் நகத்தால்தான் சுரண்ட வேண்டும். சோபாவுக்கு வேக்குவம் கிளீனரைவிடப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மேலானது. அதை இலேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் முடி உருண்டு திரண்டு வந்துவிடும். இதற்கு ஆகும் செலவைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விலை அதிகமான கருவியைச் சொன்னால் உடனே நம்புகிறார்கள்.

அப்படிப்பட்ட கருவிகளுள் தலையாயது தானே ஊர்ந்து பெருக்கும் ரோபோ. அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் ரூம்பாவை 2002-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நாய் கூடத்தில் வெளிக்கிருந்துவிட, கடமை தவறாத ரோபோ அதை அறை அறையாகக் கொண்டுபோய்ப் பூசிவைத்த கதைகள் உலகெங்கும் கிளம்பின. கடைசியில் 2021-ல் அந்த நிறுவனம் புதிய ரகம் ஒன்றை இறக்கி, இது நாயின் எச்சத்தைக் கண்டு விலகிப்போகும், போகாவிட்டால் வேறு ரோபோ தருகிறோம் என்று வாக்குறுதியே கொடுத்தது. விலகிப் போகத்தான் வாக்குறுதி, அள்ளிப் போட அல்ல. அந்தப் பணி இன்றும் மனிதகுலத்திடமே இருக்கிறது.

நாய் குளித்தபின் சிலிர்ப்பதை அறிவியல் உலகம் புறக்கணிக்கவில்லை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் எலி முதல் கரடிவரை விலங்குகளை நனைத்து வேகக் கேமராவில் படம்பிடித்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடல் சிறியதானால் சிலிர்ப்பு விரைவு, பெரியதானால் மெது. லேப்ரடார் நொடிக்கு நாலைந்து முறை உடலைத் திருப்பும். ஈரநாய் சில நொடிகளுக்குள் தன் மேலுள்ள நீரில் 70 விழுக்காட்டை உதறிவிடும். அந்த 70 விழுக்காடு எங்கே போகிறது என்பதை அவர்கள் எழுதவில்லை. இவ்வாய்வு அந்த விடுபாட்டை நிரப்புகிறது: புதிதாக டிஸ்டெம்பர் அடித்த சுவருக்குப் போகிறது. நாயை மொட்டைமாடியில் குளிப்பாட்டுக.

பூனைக்கு வருவோம். பூனை சுத்தமான பிராணி என்பது ஊரறிந்தது; அது உண்மையுங்கூட. அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. அவற்றின் நுனி குழிந்து எச்சிலை ஏந்திக்கொண்டு தோல்வரை சேர்க்கிறது என்று 2018-ல் அதே ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் காட்டினார்கள். இந்தத் தூய்மையில்தான் வில்லங்கம். பூனையிருக்கும் வீட்டில் விருந்தாளி தும்முவதற்கு முடி காரணமன்று; பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஃபெல் டி 1 என்ற புரதமே முதன்மைக் காரணம். பூனை தன்னை நக்க நக்க அது மயிரெல்லாம் பூசப்பட்டு, காய்ந்து, தூளாகிக் காற்றில் மிதக்கும். எனவே பூனை தன்னை எவ்வளவு சுத்தம் செய்கிறதோ அவ்வளவு விருந்தாளி தும்முவார். ஒவ்வாமை உள்ள வீட்டில் தூசு கிளப்பிப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது நல்லது. நக்கிய முடியைப் பூனை சில நேரம் உருண்டையாகக் கக்கும். அதற்கு மொசைக் தரை முழுதும் திறந்து கிடந்தாலும் கால்மிதியைத் தேடிப்போவது ஏன் என்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை.

பூனையின் கழிவறைக்கு முன்பு மணலும் சாம்பலும் மரத்தூளும்தான். 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட்வர்ட் லோ என்பவர், பூனைக்கு மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு, எண்ணெய்க் கறையை உறிஞ்சப் பயன்படும் ஒருவகைக் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். அது பெருந்தொழிலாக வளர்ந்தது. அந்த வகை மண்ணை நாம் நன்கறிவோம்: முல்தானி மட்டி. மிச்சிகனில் பூனையின் தட்டில் கொட்டியதை இங்கே கல்யாணத்துக்கு முந்தின வாரம் முகத்தில் பூசிக்கொள்கிறோம். இரண்டும் உறிஞ்சும் வேலைதான் என்பதால் இதில் யாருக்கும் இழுக்கில்லை. மண் எதுவாயினும் எச்சத்தை நாள்தோறும் அள்ளிவிட வேண்டும். பூனையின் மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் ஆனபின்தான் தொற்றும் வலிமை பெறும். அதற்குள் அள்ளினால் பிரச்சினை தீர்ந்தது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

நாயின் மலம் குறித்து மேலைநாட்டார் செய்த ஆய்வும் இங்கே குறிக்கத்தக்கது. செக், ஜெர்மானிய ஆய்வாளர்கள் 70 நாய்களைப் பின்தொடர்ந்து, அவை 1,893 முறை மலங்கழித்ததைக் குறித்துவைத்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் வடக்கு-தெற்காக நின்று இருக்க விரும்புகின்றன என்று 2013-ல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. நாய் வாஸ்து பார்த்தே இருக்கிறது என்ற செய்திதான் ஆய்வில் அப்பத்தாவுக்கு நாயின்மேல் மரியாதை வரச்செய்த ஒரே பகுதி.

பினாயில் நாற்றம் தூய்மை அன்றே;
பாதம் நக்கும் பூனைக்கு
நஞ்சே அதுவென அறிதல் நன்றே.

இதுவே இவ்வாய்வின் தலையாய நூற்பா. நம் வீடுகளில் தூய்மைக்கு அடையாளம் வாடை. விருந்தாளி வருகிறார் என்றால் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடிக்குப் பதிலாக நாலு மூடி விழும். வாசலிலேயே பினாயில் அடித்தால், நாய் வளர்த்தாலும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பேர். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை நம் கல்லீரல் வேறொன்றோடு பிணைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதி மிகக் குறைவு. நமக்குக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் பூனைக்கு எமனாவதும் பெரும்பாலும் இதனால்தான். ஈரத்தரையில் நடந்த பூனை ஓரமாக உட்கார்ந்து பாதத்தை நக்கும்; தரையில் ஊற்றியது வயிற்றுக்குள் போகும். டெட்டாலில் உள்ள குளோரோசைலினாலும் இதே குடும்பம். வெள்ளைப் பினாயிலில் சேரும் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது.

சரி, மூத்திர வாடைக்கு என்ன செய்வது? அம்மோனியா கலந்த திரவம் கூடாது. அந்த வாடையை வேறொரு பூனை பட்டா போட்டதாகக் கொண்டு, நம் பூனை அதே இடத்தில் மறுபத்திரம் பதியும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் தூவினால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் குளோரமின் ஆவி எழும். பூனை மூத்திரத்தின் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால்தான் கோடையில் போய்விட்டதென்று நினைத்த வாடை ஐப்பசி மழையின் ஈரத்தில் திரும்பி வருகிறது. முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்துச் சோப்புநீர், அடுத்து நல்ல தண்ணீர். அதற்கும் மசியாவிட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதித் திரவத்தை ஊற்றித் தானாகக் காயவிடுங்கள். நொதி வேலைசெய்ய நேரம் வேண்டும்; ஊற்றிய கையோடு துடைப்பவர் காசைத்தான் துடைக்கிறார்.

பூனை வளர்க்கும் வாசகர்களே, நூற்பாக்கள் மறந்துபோனாலும் கேடில்லை, பீரோவின் மேல் நாலு முடி கிடந்தாலும் கேடில்லை. பினாயில் பாட்டிலை மட்டும் இன்றே வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள். துணி பீரோவில் கிடக்கும் பாச்சை உருண்டையையும் கூடவே அனுப்புங்கள், அது நாய்க்கும் ஆகாது.