முகத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

கேள்வி: கல்யாணம், மலைக்காட்சி, இரவுத் தெரு மூன்றையும் ஒரே ஃபிலிமில் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம்; ஆனால் மூன்றும் சிறக்காது. முகங்களுக்குக் கோடக் போர்ட்ரா 400 போடுங்கள். தோல் நிறம் இயல்பாக வரும். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். மலைக்கும் வயலுக்கும் 1990-இல் வந்த ஃபியூஜி வெல்வியா 50. பச்சைக்கே பச்சை பூசும் ஃபிலிம் அது! அதைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளை முகம் தக்காளியாகிவிடும். ஸ்லைடு ஃபிலிம் என்பதால் ஒளிக்கணக்கில் சிறு பிசகையும் மன்னிக்காது. வேகம் குறைவு, டிரைபாட் அவசியம்.

இரவுத் தெருவுக்கு என் ஓட்டு கறுப்பு வெள்ளைக்கே: 1954 முதல் 35 எம்எம்மில் கிடைக்கும் கோடக் ட்ரை-எக்ஸ் 400. கேமராவில் ஐஎஸ்ஓவை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தைக் கூட்டலாம். மணிமணியாகத் தெரியும் கிரெயின் இரவுக்கு அழகு. ரோலைக் கொடுக்கும்போது 1600 என்று லேபில் மறக்காமல் சொல்லுங்கள்.